ஜெயித்தவன் கொடுக்கும் ராஜினாமா

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில், கொளஞ்சியப்பன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். ஊரில் பாதிப் பேருக்கு அவன் 'கேம்ஸ் கொளஞ்சி'. மீதிப் பேர் சொன்ன பேர்களை அவன் பெண்டாட்டி வாசுகி காதில் விழாத மாதிரியே கடந்து போய்விடுவாள்.

முன்பு அவனுக்கு மதிப்பான வேலை இருந்தது. செராமிக் டிப்ளமா படித்தவன். தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் சூளைக்கு சூப்பர்வைசர். தொண்ணூற்று மூன்றில் முதலாளி கோவிந்தராசு கணக்கு எழுத ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி அவனை நெய்வேலிக்கு அனுப்பினார். போனவன் கணக்கைக் கற்றானோ இல்லையோ, யாரோ ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்த ஒரு ராஜா விளையாட்டோடு திரும்பி வந்தான். படபடவென்று சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை. தாயம் மாதிரி முறை வைத்து ஆடுவது. உன் முறையில் நீ ஊர் கட்டலாம், ஏரி வெட்டலாம், படையை நகர்த்தலாம். முடித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த ராஜாவின் முறை. அந்த ராஜாக்களைக் கம்ப்யூட்டரே ஆடும்.

இரண்டு வருஷத்தில் சூளையும் கசந்தது, கணக்கும் கசந்தது. வேலையை விட்டுவிட்டு சென்டர் திறந்தான்.

வாசுகி எட்டாவதோடு நின்றவள். கல்யாணத்துக்கு முன்னால் பொம்மைக் கம்பெனியில் அச்சுக்குள் மண்கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்க வர வேண்டுமென்றால் உள்ளே ஒரு பொம்பளை இருக்க வேண்டும். அதற்காக அவளைக் கூட்டிவந்து கதவோரம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தான். புது ஆள் வந்தால் அவளுக்குப் பேச்சு வராது. தலையை ஆட்டுவாள், விரலால் காட்டுவாள். ஆனால் அந்த நாற்காலியிலிருந்து எல்லாத் திரையும் தெரியும். ஆடுகிறவர்களின் முகம் திரை வெளிச்சத்தில் அதைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்தவன் செய்த விளையாட்டை ஆடி ஆடி அலுத்துப்போய், கொளஞ்சியப்பன் தானே ஒன்று செய்ய ஆரம்பித்தான். 'ஏழு பாளையம்' என்று பேர் வைத்தான். ஏழு பாளையக்காரர்கள். ஒருவர் நீ, மற்ற ஆறு பேர் கம்ப்யூட்டர். அந்த மிஷினில் தமிழ் எழுத்து கிடையாது. கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து ஒவ்வொரு எழுத்தையும் அவனே வரைந்து உள்ளே ஏற்றினான். 'ளை' எழுதவே ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டான். டைப் படிக்க வந்த பெண்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "சார், தமிழ்ல வருது!" என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

ஆட்டத்தின் முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு விறுவிறுப்பாக இருக்கும். கையில் ஒரே ஊர், கொஞ்சம் நெல், ஒரு சின்னப் படை. ஏரி வெட்டுவதா, மதில் கட்டுவதா என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். காலேஜ் பையன் திருமால் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டே ஆடுவான். சிக்கல் அதற்குப் பிறகுதான். பாதி ஆட்டத்தில் ஒருவன் கை ஓங்கிவிட்டால் அதோடு முடிந்தது. அவன் ஜெயிப்பான் என்று அவனுக்குத் தெரியும், பார்க்கிறவனுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் ராஜாவுக்கு மட்டும் தெரியாது. அவன் ஒற்றைக் குடிசையை வைத்துக்கொண்டு, தன் முறை வந்ததும் கர்மசிரத்தையாய் ஒரு சிப்பாயை நகர்த்துவான். ஆடுகிறவனுக்கோ நாற்பது ஊர் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக உத்தரவு போட வேண்டும். முன்பு ஒரு நொடியில் முடிந்த முறை இப்போது முடிவதற்குள் ஒரு டீயே குடித்துவிட்டு வரலாம். அதனால் எல்லோரும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள்.

எழுந்திருக்காத ஒரே ஆள் உரக்கடை சிங்காரவேல். மத்தியானம் கடையில் ஈ ஓட்டுவதற்குப் பதில் மாடி ஏறி வந்துவிடுவார். எதையும் மிச்சம் வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"எங்கடா போயித் தொலைஞ்ச?" என்று திரையைப் பார்த்துக் கத்துவார். "கொளஞ்சி, இந்த மேக்கத்திப் பாளையத்துல ஒரே ஒரு சிப்பாயி மிச்சம்யா. ஆளக் காணும்."

"சதுப்புல பாத்தீங்களாண்ணே?"

"சதுப்பு, காடு, ஏரின்னு எல்லாம் பாத்தாச்சி. எங்க வூட்டுத் தோட்டத்துலதான் பாக்கல."

"உர மூட்ட சந்துல ஒளிஞ்சிருப்பாண்ணே," என்றான் திருமால்.

"நீ ஒன் ஆட்டத்தப் பாருடா. பாதியில எழுந்திரிச்சி ஓடறவன்லாம் பேச வந்துட்டான்."

"ஜெயிச்சாச்சின்னு தெரிஞ்சப்பறம் எதுக்குண்ணே ஒக்காந்திருக்கணும்? படம் வுட்டப்பறம் கொட்டாயில நாற்காலி எண்ணுற மாதிரி."

சிங்காரவேல் அந்த ஒரு சிப்பாயை மூன்று மத்தியானம் தேடினார். கிடைத்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கொசுவை அடித்தவர் மாதிரி இருந்தார். வாசுகி பார்த்தாள். கொளஞ்சியப்பனும் பார்த்தான்.

"ஒருத்தனாவது இத கடைசி வரைக்கும் ஆசையா ஆடிட்டு எழுந்திரிக்கணும் வாசுகி," என்றான் வீட்டுக்கு நடக்கும்போது. "அதுவரைக்கும் இது பச்ச மண்ணுதான். சூளைக்குப் போன பொருளு இல்ல."

அந்த வருஷம் முழுக்க அவன் பேச்செல்லாம் முடிவைப் பற்றித்தான். முதலில் கெடு வைத்துப் பார்த்தான். இத்தனை முறை ஆனதும் ஆட்டம் நிற்கும், யாரிடம் அதிக ஊரோ அவர் ஜெயித்தார். ஸ்கூல் மணி அடித்த மாதிரி இருந்தது. ஆட்டம் நின்றதும் பையன்கள் "இவ்ளோதானா?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்து, ரொம்பப் பெரிய பாளையத்தில் கலகம் வரும்படி செய்தான். சிங்காரவேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் பாடுபட்டுச் சேத்தத நீ யாருய்யா கலைக்கிறதுக்கு? ஜெயிக்கிறது குத்தமா?" பிறகு, ஒருவன் பெருத்தால் மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து அவன்மேல் பாய்வதாக மாற்றினான். அதை ஒரே வாரத்தில் பையன்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள். யாரும் பெரிதாக வளரவில்லை. எல்லோரும் நோஞ்சானாக இருந்துகொண்டு, கடைசியில் ஒரே பாய்ச்சல் பாய்ந்தார்கள். முன்னால் கடைசிப் பகுதி மட்டும் அலுப்பாக இருந்தது. இப்போது முழு ஆட்டமும் அலுத்தது.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் சென்டரிலேயே தூக்குவாளியைத் திறந்து அவனுக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, சிங்காரவேலின் முதுகைக் காட்டி வாசுகி மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, அவருக்கு என்னாதான் வேணுமாம்?"

"ஜெயிக்கணும்."

"அது சரி. எதுக்காவ சண்டைக்கிப் போனாராம்?"

"எதுக்குன்னா? ஜெயிக்கத்தான்."

"சும்மா ஜெயிக்கணும்னா அது எப்பதான் முடியும்? கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டுறவங்ககூட இன்ன கொறைன்னு எழுதித்தான கட்டுறாங்க? அது தீந்துபோச்சின்னா ராஜினாமா குடுத்துட்டு அவங்க அவங்க வூட்டப் பாத்துப் போயிடுறாங்க."

அவன் கை இலையிலேயே நின்றது. கொஞ்ச நேரம் அவளைத்தான் பார்க்கிறான் என்று அவள் நினைத்தாள். அவன் அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலைப் பற்றி அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட்டில் தீராததை அங்கே எழுதிக் கட்டுவார்கள். களவு போன மாடு, வராத மாப்பிள்ளை, பங்காளி மடக்கிக்கொண்ட வரப்பு என்று என்ன குறையோ அதைத் தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, முனியப்பர் சன்னிதி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பேர் பிராது. குறை தீர்ந்தால் கட்டியவரே திரும்பிப் போய், 'என் காரியம் முடிந்தது, பிராதை எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பேர்தான் ராஜினாமா. அதைக் கொடுக்காமல் விட்டால் சாமி இன்னும் வழக்கை நடத்திக்கொண்டே இருக்கும் என்று பயப்படுவார்கள்.

கொளஞ்சியப்பன் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி செய்தான். இப்போது ஆட்டம் தொடங்கும்போதே ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு பிராது வரும். மேலூர்க்காரன் ஏரி மதகை அடைத்துவிட்டான். மேய்ச்சல் தரையைப் பிடுங்கிக்கொண்டான். சந்தைக்குப் போகிற வழியை மறித்துக் கோட்டை கட்டிவிட்டான். உன் குறை தீர்ந்ததும் திரையில் ஒரு வேல் தெரியும். ராஜினாமா கொடுக்கிறாயா என்று கேட்கும். கொடுத்தால் நீ ஜெயித்தாய், ஆட்டம் முடிந்தது. கொடுக்காமல் மேலே ஆடலாம், தடையில்லை. ஆனால் அதற்குள் வேறொருவன் குறை தீர்ந்து அவன் ராஜினாமா கொடுத்துவிட்டால், நாற்பது ஊரை வைத்துக்கொண்டும் நீ தோற்றாய்.

முதலில் ஜெயித்தவன் திருமால். இத்தனூண்டு பாளையம், மூன்றே ஊர். கடைசி முறை வரை வெல்வோமா தோற்போமா என்று தெரியாமல் ஆடி, மதகைத் திறந்து, வேலைப் பார்த்து, ராஜினாமாவை அழுத்திவிட்டு, "ஐயோ!" என்று எழுந்து நின்று கத்தினான். கீழே சைக்கிள் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மாடி ஏறி வந்துவிட்டார். கொளஞ்சியப்பன் சிரித்ததை வாசுகி அன்றுதான் ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தாள்.

சிங்காரவேலுக்கும் வேல் வந்தது. "ராஜினாமாவா?" என்றார். "இம்மாம் படைய வச்சிக்கிட்டு எவனாவது ராஜினாமா குடுப்பானா?" மேலே போனார். கண்ணில் பட்ட கோட்டையை எல்லாம் இடித்துக்கொண்டே போனார். அதில் ஒன்று சந்தை வழியை மறித்துக்கொண்டிருந்த கோட்டை. அதை அவர் இடித்ததும், மூலையில் கிடந்த ஒரு நோஞ்சான் பாளையத்துக்கு வழி திறந்து, அவன் குறை தீர்ந்து, அடுத்த முறையே அவன் ராஜினாமா கொடுத்துவிட்டான்.

"என் படைய வச்சி அவன் ஜெயிக்கிறானா?" சிங்காரவேலின் காது சிவந்துவிட்டது. ஒரு வாரம் வரவில்லை. வந்ததும் முதல் பேச்சு, "எனக்குப் பழசப் போடு கொளஞ்சி." இன்னும் சிலரும் அப்படிக் கேட்டார்கள். கொளஞ்சியப்பன் போட்டுக் கொடுத்தான். அதில் அவனுக்கு வருத்தமில்லை. கேட்பவர்கள் கேட்கட்டும், நிறைய பேர் புதியதைத்தான் கடைசி வரை ஆடினார்கள்.

அந்தப் பொங்கலுக்கு பிரேம்நாத் ஊருக்கு வந்தான். பின்தெருப் பையன். சென்டரில் முதல் மாணவன். இப்போது சென்னையில் சி.டி. போட்டு விற்கிற ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு நாள் உட்கார்ந்து ஆடிவிட்டு, "அண்ணே, எப்படிண்ணே இந்த ராஜினாமா ஐடியா வந்துது?" என்று கேட்டான்.

"குளிச்சிக்கிட்டு இருந்தன்டா. படக்குன்னு தோணுச்சி."

வாசுகி அப்போதுதான் டீ கொண்டுவந்து வைத்தாள். பிரேம்நாத், "அண்ணன் பெரிய ஆளு அண்ணி," என்றான். அவள் தலையை ஆட்டினாள். டம்ளர்களுக்கு அடியில் தட்டை நகர்த்திச் சரியாக வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள். அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. குளிக்கும்போது தோன்றியதாகவேதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பிரேம்நாத் எல்லாவற்றையும் ஃபிளாப்பிகளில் ஏற்றி வாங்கிக்கொண்டு போனான். கலர் சேர்க்க வேண்டும், சத்தம் சேர்க்க வேண்டும் என்று உள்ளே அவன் எழுதியிருந்த புரோகிராமையும் சேர்த்தே வாங்கிக்கொண்டான். முதலாளியிடம் காட்டிவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னான். கூப்பிடவில்லை. கொளஞ்சியப்பன்தான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான். வாசுகி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே அவன் ஒரு கையால் காற்றில் மதகு திறந்து காட்டிக்கொண்டிருந்தான். பிறகு கையைக் கீழே போட்டான்.

"என்னா சொல்லுது?"

"அவுங்க முதலாளிக்குப் புரியலியாம். ராஜினாமான்னா தோத்தவன்தான குடுக்கணும், ஜெயிச்சவன் எதுக்குக் குடுக்கிறான்னு கேக்கிறாராம். ராஜா என்னா ஆபீஸு வேலையா பாக்குறான்னு சிரிச்சாராம்."

"கோயில்ல குடுக்கிறதச் சொல்லலியா?"

"சொன்னன். மெட்ராஸுல யாருக்குத் தெரியப்போவுதுன்னான். இவனும் இந்த ஊர்க்காரன்தான? இவனுக்குத் தெரியாதா?"

பிறகு பேச்சே இல்லை. போன் செய்தால் பிரேம்நாத் வெளியே போயிருப்பான். ஒரு வருஷம் அப்படியே போனது. தொண்ணூற்றெட்டில் திருமால் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டு வந்தவன், பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்து மேஜையில் வைத்தான். மேலே மீசை முறுக்கிய ராஜா படம். வேறு பேர். போட்டதும் கொட்டுச் சத்தம் கேட்டது. அதே ஏழு பாளையம், அதே ஏரி. ஆரம்பத்தில் அதே பிராது, எழுத்துக்கூட மாறாமல் வந்தது. புள்ளி வைத்துக் கொளஞ்சியப்பன் வரைந்த அதே 'ளை'. ஆக்கம் என்ற இடத்தில் பிரேம்நாத் பேர் இருந்தது.

கொளஞ்சியப்பன் அதற்கு மேல் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரை அப்படியே அணைத்துவிட்டான். அணைக்கிற முறைப்படிகூட அணைக்கவில்லை. சுவிட்சைத் தட்டினான்.

மறுநாள் காலையிலேயே மணவாளநல்லூருக்குக் கிளம்பினான். வாசுகியும் போனாள். கோயில் வாசலில் உட்கார்ந்து எழுதினான். பிரேம்நாத் பேர், அவன் அப்பா பேர், தெரு, எல்லாம் எழுதினான். குறை என்ன என்கிற இடத்தில், 'என் விளையாட்டில் என் பெயரைப் போட வேண்டும்' என்று எழுதினான்.

"பேரு மட்டுமாங்க?" என்றாள்.

"வேற என்னா?"

"வெளையாட்டு நீங்க செஞ்ச மாதிரியே இருக்கணும்னு…"

"அதான் அப்படியே எடுத்துட்டானே. பேரத்தான திருடிட்டான். பேரு வந்தாப் போதும். மத்ததெல்லாம் தானா வரும்."

அவள் தாளை மடித்து அவன் கையில் கொடுத்தாள். கட்டிவிட்டு வந்தார்கள்.

வழக்கை சாமி நடத்தியதோ, பயம் நடத்தியதோ. பிராது கட்டிய சேதி பின்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் பிரேம்நாத் சென்னையில் மஞ்சள் காமாலையில் படுத்தான். அவன் அம்மா கண்ணம்மாள் அவிழ்ந்த கொண்டையோடு வாசுகி வீட்டுக்கு வந்தாள்.

"ஏண்டி வாசுகி, எம்புள்ள பேர எழுதி முனியப்பர்கிட்ட கட்டியிருக்கீங்களாமே? நீங்க நல்லா இருப்பீங்களா? ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? காதப் புடிச்சித் திருவி இழுத்தாந்திருக்க மாட்டேனா?"

"அவரு ரொம்ப மனசு ஒடஞ்சிட்டாருங்க அத்த."

"ஒரு பேருதான? அவன் எழுதுறான். நான் எழுத வைக்கிறேன். எழுதலன்னா அவன் எங்கையால கஞ்சி குடிக்க மாட்டான்."

பிள்ளை பிழைத்து எழுந்ததும் முதல் வேலையாக அதைச் செய்ய வைத்தாள். சென்னை முதலாளி என்ன நினைத்தாரோ, பேர்தானே என்று விட்டிருப்பார். புதிதாக அச்சடித்த சி.டி. ஒன்றைக் கண்ணம்மாளே முந்தானையில் சுற்றி எடுத்துவந்து கொடுத்தாள். "உள்ள இருக்குதாம். பாத்துக்க. சீக்கிரம் ராஜினாமா குடுத்துடுங்க."

கொளஞ்சியப்பன் அன்றைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு சென்டருக்குப் போனான். திருமால் வந்தான், சிங்காரவேலும் சைக்கிள் கடைக்காரரும் வந்தார்கள். சி.டி.யைப் போட்டான். கொட்டு, மீசை, பிரேம்நாத் பேர். இவன் பேர் இல்லை.

"கடைசியில வரும் சார், சினிமாவுல போடுற மாதிரி," என்றான் திருமால். "ஆடி முடிச்சாத்தான் வரும்."

"அப்ப நான் ஆடுறன், தள்ளு," என்று சிங்காரவேல் உட்கார்ந்தார்.

அவருக்கு வந்த பிராது ஏரி மதகு. அன்று மாலைக்குள் மதகைத் திறந்துவிட்டார். கொளஞ்சியப்பன் அவர் தோளுக்குப் பின்னால் வேல் வருவதற்காகக் காத்துக்கொண்டு நின்றான். வேல் வரவில்லை. அடுத்த முறைக்கும் வரவில்லை. ஏரியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. திரை எதையும் கேட்கவில்லை.

"இது என்னா, கேக்கவே மாட்டேங்குது?" என்றான்.

"கேக்காட்டி நல்லதுதான?" என்றார் சிங்காரவேல். அவர் படை நகர்ந்துகொண்டே போனது.

மறுநாளும் ஆடினார். அதற்கு மறுநாளும். ஊர்கள் பெருகின. ஒவ்வொரு ஊருக்கும் உத்தரவு, ஒவ்வொரு படைக்கும் உத்தரவு. சைக்கிள் கடைக்காரர் இறங்கிப் போய்விட்டார், திருமாலுக்குப் பரீட்சை. கொளஞ்சியப்பன் மட்டும் அந்தத் தோளுக்குப் பின்னால் நின்றான். வாசுகி திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள். மதகு திறந்த மாலையிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் நின்றுகொண்டிருந்தான்.

வாரக் கடைசியில் சிங்காரவேல் கடைசிப் பாளையத்தின் கடைசிச் சிப்பாயைப் பாறை இடுக்கில் பிடித்துக் கொன்றார். கொட்டு முழங்கியது. திரையில் ஒரு ராஜா மண்டியிட்டு, தலைப்பாகையைக் கழற்றிக் கீழே வைத்தான். மேலே பெரிய எழுத்தில் 'ராஜினாமா' என்று வந்தது. அதற்குக் கீழே எரிந்துபோன ஊர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, 'மூலக் கருத்து: விருத்தாசலம் கொளஞ்சியப்பன்.'

"அடி சக்கை!" சிங்காரவேல் தொடையைத் தட்டினார். "இதுதான்யா ஆட்டம்! தோத்தவன் ராஜினாமா குடுக்கிறான் பாரு. அதான முறை? ஒம் பேரும் வந்துருச்சி கொளஞ்சி. மெட்ராஸுக்காரன் மெட்ராஸுக்காரன்தான், சரியாப் புடிச்சி சரி பண்ணிட்டான்."

கொளஞ்சியப்பன், "ஆமாண்ணே," என்றான்.

அவன் பிரேம்நாத்துக்குப் போன் செய்தபோது வாசுகி கண்ணாடிக்கு வெளியே நிற்கவில்லை, உள்ளேயே போய் நின்றுகொண்டாள். பிரேம்நாத்தின் குரல் அவளுக்கும் கேட்டது. "நீங்க பேருதானண்ணே கேட்டீங்க? போட்டாச்சில்ல? முடிவ மாத்தச் சொன்னது முதலாளி. ஜனங்களுக்கு அதான் புடிக்கிதாம், நல்லா ஓடுது. ராஜினாமா குடுத்துடுங்கண்ணே. அம்மா தூங்க மாட்டேங்குது."

கொளஞ்சியப்பன் கொடுக்க மாட்டேன் என்றான். குறை தீரவில்லை என்றான். கண்ணம்மாள் தினமும் வந்து வாசலில் நின்றாள். திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு சும்மா நின்றாள். இன்னொரு பிராது கட்டப் போகிறேன் என்றான் அவன் வாசுகியிடம். முடிவை மாற்ற வேண்டும் என்று ஒன்று. அந்த முதலாளி பேரில் ஒன்று. விற்றதை எல்லாம் திரும்ப வாங்க வேண்டும் என்று ஒன்று.

"நீங்க எழுதுனது நடந்துருச்சிங்க," என்றாள் வாசுகி.

"எது நடந்துச்சி?"

"எழுதுனது."

"எனக்கு வேணுங்கிறது அது இல்லன்னு ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அன்றைக்கே கோயில் வாசலில் தெரியும். அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? "சாமிக்குத் தெரியாதுங்க," என்றாள். "அதுக்கு நாம எழுதுனதுதான் தெரியும்."

நாலைந்து நாள் அவன் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, சென்டரைத் திறக்காமல், "கெளம்பு," என்று மட்டும் சொன்னான்.

கோயிலில் அன்று கூட்டம். பிராது கட்ட வந்தவர்கள் ஒரு பக்கம், ராஜினாமா கொடுக்க வந்தவர்கள் ஒரு பக்கம். இவர்களுக்கு முன்னால் வேப்பூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று, காணாமல் போன மகன் திரும்பி வந்ததற்காக அவனையே கூட்டிக்கொண்டு நின்றது. அவன் தலை குனிந்து நின்றான். அம்மா அவன் சட்டையைப் பிடித்தபடியே இருந்தாள். அவர்கள் முறை முடிந்ததும், ராஜினாமா எழுதிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

"பேரு?"

"கொளஞ்சியப்பன்."

"சாமி பேரு. என்னா பிராது?"

"எம் பேரப் போடணும்னு."

"போட்டாங்களா?"

பெரியவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள்.

"காரியம் முடிஞ்சுதா இல்லியாப்பா? முடியலன்னா ராஜினாமா எழுதக் கூடாது. பொய் சொல்லி எழுதுனா குத்தம்."

கொளஞ்சியப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான், யாரோ அவற்றைப் பிடித்து எதையாவது எழுத வைத்துவிடுவார்கள் என்பதுபோல.

"முடிஞ்சுதுங்க," என்றாள் வாசுகி.

அத்தனை பேர் நடுவில் தன் குரல் அவ்வளவு பலமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. வேப்பூர்ப் பெண் திரும்பிப் பார்த்தாள். பெரியவர் அவளை ஒருமுறை பார்த்தார், அவனை ஒருமுறை பார்த்தார். அவன் மறுக்கவில்லை. எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. பின்னால் இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்று காலியாகக் கிடந்தது. வாசுகி ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். கொளஞ்சியப்பன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு முன்னால் போய் டிரைவருக்குப் பின்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊர் வரும்வரை நின்றுகொண்டே வந்தான்.